கோடை டீசல்

1

தை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. ரொறன்ரோவில், வோபர்னில், ஒன்பதாம் மாடியில், ஜன்னலோரமாக இருந்து இதை எழுதுகிறேன். வெளியே பனி விழுகிறது. உள்ளே சுவரோரத்துக் குழாய்களில் சூடு தானாக வருகிறது; யாரும் எதையும் மூட்ட வேண்டியதில்லை. என் கணவர் அருள்தாஸ் பக்கத்து அறையில் தூங்குகிறார். கீழே ஒரு பஸ் வந்து நின்று, நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு நகர்கிறது. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் பனிக்குச் சத்தமும் இல்லை, பாரமும் இல்லை.

போன வருடம் இதே சனிக்கிழமை அந்தப் பாரத்துக்குள் நான் இடுப்பளவு நின்றேன். அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் உழவு இயந்திரத்தை ஸ்ராட் பண்ணினேன். மன்னாரில், பேசாலையில் இருக்கும் என் தங்கச்சிக்கு அது யார் மூலமோ போய்ச் சேர்ந்துவிட்டது. போன கிழமை போனில் கேட்டாள்.

"அக்கா, நீ மெசின் ஓட்டினியாமே? உண்மையோ?"

ஓம் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். மிச்சத்தைச் சொல்ல அப்போது நேரம் வாய்க்கவில்லை. அவளுக்காகவும், கேட்க விருப்பமுள்ள மற்றவர்களுக்காகவும் இப்போது சொல்கிறேன்.

2

ரொறன்ரோ நகர எல்லைக்குள் வயல் இருக்கிறது என்றால் ஊரில் பலர் நம்பமாட்டார்கள். ஸ்காபரோவின் கடைகளையும் மாடிக் கட்டடங்களையும் தாண்டி வடகிழக்கே போனால், ஆற்றங்கரையோடு அரசாங்கம் குத்தகைக்கு விடும் பழைய பண்ணைக் காணிகள் கிடக்கின்றன. அதில் ஒன்றில், ஒரு மரவீட்டோடு, பதினொரு வருடம் இருந்தோம். கோடையில் கத்தரி, வெண்டி, முளைக்கீரை. தமிழ்க் கடைகளுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அருள்தாஸ் மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே நெல் விதைத்த குடும்பம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறையில் ஆறு பேராகக் கிடந்தபோதே, "ஒருநாள் இஞ்ச நான் வயல் செய்வன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்களாம். பிறகு இருபது வருடம் தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்குப் பூட்டுப் பூட்டினார். கடைசியில் வயலும் செய்தார்.

நான் கடற்கரைப் பிள்ளை. அப்பாவின் வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் இயந்திரம். கயிற்றை இழுத்து அதை முடுக்க எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். ஆனால் அருள்தாஸ் தன் உழவு இயந்திரத்தில் என்னைக் கைவைக்க விடமாட்டார்.

"நீர் கடல்காரி. உமக்கு உது சரிவராது, விலகும்" என்பார். கோபமாக அல்ல, செல்லமாகத்தான். ஆனாலும் பதினொரு வருடமும் நான் விலகித்தான் நின்றேன்.

அந்த இயந்திரம் ஏறக்குறைய என் வயது. காணியை விட்டுப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கியது. மூன்று சிலிண்டர் டீசல். ஒருகாலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். எங்களிடம் வந்தபோது கொய்யாப்பழத்தின் உட்சதை நிறத்துக்கு வெளிறியிருந்தது. முன்னால் மண் அள்ளுகிற வாளி. கோடையில் அது மண் தள்ளும், மாரியில் பனி தள்ளும். வீட்டிலிருந்து தெருவுக்கு இருநூறு மீற்றர் ஒழுங்கை. தெருவை நகரசபை துப்புரவாக்கும், ஒழுங்கையை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாரியிலேயே அது எங்களுக்குப் பாடம் எடுத்தது. மன்னாரில் மெசின் நின்றால் ஒரே காரணம்தான், டீசல் இல்லை. சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள், அதுவும் இல்லாதபோது மாட்டைக் கட்டினார்கள். இங்கே டீசல் தாங்கி நிறைய இருந்தது, ஆனால் கட்டிபட்டுவிட்டது. டீசலுக்குள் மெழுகு இருக்கிறது என்பதும், கடுங்குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும் என்பதும் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? இங்கே கோடைக்கு ஒரு டீசல், மாரிக்கு ஒரு டீசல். எஞ்சின் உடம்புக்குள் ஒரு மின்சூடாக்கி. அதை நாலு மணித்தியாலம் கரண்டில் செருகி வைத்தால்தான் காலையில் இயந்திரம் வாய் திறக்கும்.

அந்தச் சூடாக்கியின் பெயர் பிளொக் ஹீற்றர்; பிளொக் என்றால் எஞ்சினின் அந்த உடம்பு. அருள்தாஸ் காதில் அது பிளாக் ஹீற்றர் என்று விழுந்துவிட்டது. உதிரிப்பாகக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கடைக்காரப் பையன் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைக்க, இவர் தலையாட்டி, "நோ, நோ, பிளாக்" என்றிருக்கிறார். பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார்களாம். ஒன்றும் கறுப்பாக இல்லை என்று வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, "கனடாவில ஒரு கறுத்த ஹீற்றர் வாங்கேலாமல் கிடக்கு" என்று குறைப்பட்டார். பிறகு மகள் மெலனிதான் சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எங்களோடு இருந்தாள்.

3

பிறகு அவள் எங்களோடு இல்லை. நகரத்தின் நடுவில் வேலை, அங்கேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். பாதி வசனம் தமிழில் தொடங்கும், மீதி இங்கிலீசில் ஓடும். நான் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு முடிவை ஊகிப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அருள்தாசின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு இரத்தம் சுற்றி வரவேண்டும். முப்பத்தைந்து நிமிடம் கார் ஓட்டி நான் கூட்டிப்போவேன். மெலனிக்கு அப்போதிருந்தே ஒரே பேச்சு.

"அம்மா, ப்ளீஸ். வோபர்னில அபார்ட்மென்ட் பாக்கிறன். ஹொஸ்பிட்டல் பக்கத்தில. வை ஆர் யூ கைஸ் ஸ்டில் தெயர்?"

குத்தகையைப் புதுப்பிக்கிற படிவம் வந்தது. பதினாலு பக்கம். 'பண்ணையை நடத்துபவரின் உடல் தகுதி' என்று ஒரு கேள்வி. வழமையாக அவள்தான் எங்கள் படிவங்களை நிரப்புவாள். இதை மட்டும் நிரப்பமாட்டேன் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அருள்தாஸ் அதைப் பைபிளுக்குக் கீழே வைத்தார். நாட்கள் போயின.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல், கிருமி, மூன்று கிழமை ஆஸ்பத்திரி. உழவு இயந்திரத்துக்கு மாரி வேலைகள் செய்ய வேண்டிய மூன்று கிழமையும் அதுதான். எனக்கு அது தோன்றவேயில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கும் நினைவு வரவில்லை.

4

அந்தச் சனிக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, விடியத் தொடங்கிய பனி பின்னேரம்வரை விடவில்லை. தெருக்கள் மூடப்பட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து, இன்று வரவேண்டாம், நாளைக்கு மத்தியானம் டயலிசிஸ் கதிரை தருகிறோம் என்றார்கள். பொழுதுபட முன்னரே கரண்ட் போனது. அருள்தாஸ் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"பற்றரியைக் கழட்டி உள்ள கொண்டு வாரும். குளிரில கிடந்தால் செத்துப் போயிடும். முதல்ல மைனசைக் கழட்டும்."

கழற்றிக்கொண்டு வந்து மண்ணெண்ணெய் ஹீற்றருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவருடைய இயந்திரத்தில் நான் தொட்ட முதல் உறுப்பு அது.

சனி காலை வானம் துடைத்துவிட்டதைப் போல் நீலமாக இருந்தது. மைனஸ் இருபத்தாறு. காற்று இல்லை, ஒரு குருவி இல்லை. ஒழுங்கையும் வயலும் வேலியும் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டிருந்தன. சமையலறையில் நின்று பார்க்க, எங்கள் வீடு நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது என்றே எனக்குப் பட்டது. பயப்பட வேண்டும் என்ற நினைவுகூட மெல்லத்தான் வந்தது.

அது வந்தது அருள்தாசின் கால்களைப் பார்த்தபோது. கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு வசனத்துக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கினார். புதன்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீர் எல்லாம் உள்ளேயே நின்றது. டயலிசிஸ் தாதியை அழைத்தேன். ஒரு மணிவரை கதிரையை வைத்திருப்போம், மூச்சு இன்னும் மோசமானால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள், ஆனால் இன்றைக்கு அவர்களும் எல்லா இடமும் பிந்தித்தான் போகிறார்கள் என்றாள்.

கூலிக்குப் பனி வாருகிற ஒருவருக்குப் போன் அடித்தேன். பொழுதுபடத்தான் வரலாம் என்றார். மின்சாரக்காரருக்கு அடித்தேன். ஒரு பதிவுக் குரல் எந்த மொழி வேண்டும் என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் பாட்டுப் போட்டது. மெலனிக்கு அடித்தேன்.

"கோல் நைன் வன் வன், அம்மா! இப்பவே!"

"எடுக்கலாம் பிள்ளை. ஆனா அம்புலன்ஸ்காரர் வந்தாலும் தெருவில நிண்டு பாக்கத்தான் ஏலும். ஒழுங்கை இல்லையே இப்ப."

அவள் அழத் தொடங்கினாள். நான் வாறன் என்றாள். வா, நேரே ஆஸ்பத்திரிக்கு வா, இங்கே வந்தால் நீயும் புதைந்துபோவாய் என்றேன்.

போனை வைத்ததும் அருள்தாஸ் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். "நான் போய் மெசினை எடுக்கிறன்." இரண்டு அடி வைத்தார், மேசையைப் பிடித்தார், திரும்ப இருந்தார்.

"மெசின்ர ராங்கில கோடை டீசல்தான் கிடக்கு" என்றார். "கார்த்திகையில மாத்தியிருக்க வேணும். கட்டிபட்டிருக்கும். கரண்டும் இல்லை, ஹீற்றரும் இல்லை. என்ர பிழை."

"பிழையை விடுங்கோ. என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு, விலகும் என்று அவர் சொல்லவில்லை.

5

நான் மெசின் நிற்கும் கொட்டிலிலும் அவர் சமையலறை ஜன்னலிலும். என் போன் சட்டைப் பைக்குள், அவர் குரல் தொப்பிக்குள் செருகிய காதொலிப்பானில். கதவிலிருந்து கொட்டிலுக்கு ஐம்பதடி. மண்வாரியால் வெட்டி வழி எடுக்கவே அரைமணிக்கு மேல் சென்றது. மெலனி சின்னதில் சறுக்கி விளையாடிய பிளாஸ்டிக் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி இழுத்தேன்: போர்வையால் சுற்றிய பற்றரி, கேத்தல்களில் கொதிநீர், சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடாக்கிய மண்ணெண்ணெய்க் கான், கோடையில் இறைச்சி வாட்டுகிற கரி ஒரு பை. காஸ் அடுப்பு நெருப்புக்குச்சியில் பற்றியது பெரிய புண்ணியம்.

"முதல்ல கரி. வைக்கோல் எல்லாத்தையும் தள்ளும். கீழ எண்ணெய் சிந்தியிருந்தால் துடையும். கதவை நல்லாத் திறந்து விடும், புகை ஆளைக் கொண்டுபோடும்."

ஒரு தட்டில் கரியைக் கனல விட்டு, எஞ்சினுக்குக் கீழே, எண்ணெய் இருக்கிற அடிப்பகுதிக்கு நேராகத் தள்ளினேன். மேலே பழைய கம்பளியைப் போர்த்தினேன், நெருப்புக்கு எட்டாமல் ஓரங்களைச் சுருட்டிவிட்டேன். அதைச் செய்யும்போது, காய்ச்சலில் கிடக்கும் ஒருவரைப் பராமரிப்பதாகவே எனக்குத் தோன்றியது. இரும்பு மெல்ல வியர்க்கத் தொடங்கியது.

"இப்ப மண்ணெண்ணெயை ராங்குக்கு விடும். அரைவாசிக்கு அரைவாசி. மெழுகை அது இளக்கும்."

மண்ணெண்ணெய் மணம் எழுந்தது. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன, ஆனால் மூக்குக்கு ஒரே சந்தோசம். அப்பாவின் வள்ளம், வாடி, வலை எல்லாவற்றிலும் இருந்த மணம். அந்தக் குளிருக்குள் நின்று, இது எனக்குத் தெரிந்த சாமான்தானே என்று ஒரு நினைப்பு வந்தது.

பழைய வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே டீசல் நெய்யாகத் திரண்டு வெள்ளையாக இருந்தது. சுவர்த்தட்டிலிருந்த புது வடிகட்டிக்குள் சூட்டுக் கலவையை ஊற்றிப் பூட்டினேன். குழாய்களுக்கு மேலே கொதிநீரை விட்டேன்; நான் கைவைக்க முன் அது உறைந்து கண்ணாடியானது. திரும்பவும் விட்டேன்.

"இனிக் காத்து எடுக்க வேணும். மேல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு... அதை மெல்லமா இளக்கும். கீழ பம்புக்குப் பக்கத்தில ஒரு பிடி... அதைக் கையால அடிச்சுக்கொண்டிரும். நுரை நிண்டு... எண்ணெய் மட்டும் வந்தால்..."

குரல் அதோடு நின்றது.

"என்ன, கேக்குதோ? இஞ்சருங்கோ?"

கொட்டில் வாசலுக்கு வந்து பார்த்தேன். ஜன்னலில் அவர் தலை தெரியவில்லை. கண்ணாடியில் வானத்தின் நீலம் மட்டும்.

ஓடினேன் என்று சொல்ல ஆசை. அந்தப் பனியில் யாரும் ஓட முடியாது. கனவில் ஓடுகிற மாதிரி கால்கள் ஓரிடத்திலேயே மிதித்தன. ஐம்பதடி. அந்த ஐம்பதடியில் நான் என்னென்ன நேர்ந்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவைத் தள்ளினேன். அவர் கதிரையில் சாய்ந்து, வாய் திறந்து கிடந்தார். போன் நிலத்தில். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்தார்.

"நித்திரை தூக்கிப்போட்டுது" என்றார். பிறகு, "ஏன் வந்தனீர்? பிடியை விட்டால் திரும்பக் காத்து ஏறுமெல்லே. போம்."

கையைத் தொட்டுப் பார்த்தேன். அம்புலன்ஸுக்கு அடித்தேன். அனுப்புகிறோம், நேரம் சொல்ல ஏலாது என்றார்கள். அவருக்குப் பின்னால் இரண்டு தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனேன். மிச்சத்தை அவரைக் கேளாமலே செய்தேன்.

ஸ்க்ரூவை இளக்கி, பிடியை அடித்தேன். நுரை வந்தது. இன்னும் நுரை. எத்தனை தரம் அடித்தேன் என்று தெரியாது. கடைசியில் நுரையில்லாமல் எண்ணெய் வழிந்தது. இறுக்கினேன். பற்றரியைப் பூட்டினேன். கரித்தட்டை வெளியே இழுத்துப் பனியில் கவிழ்த்தேன். சீற்றில் ஏறி இருந்தேன். இருக்கை கல்லாக இருந்தது. கிளச்சை முழுக்க மிதித்தேன். கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் தடித்திருக்கும், அதையும் சேர்த்துச் சுற்றவைக்கக் கூடாது என்று அவர் யாருக்கோ சொன்னதை ஒருநாள் தள்ளி நின்று கேட்டிருந்தேன்.

சாவித் துளையில் திறப்பைச் சூட்டுப் பக்கம் திருப்பி, எஞ்சினுக்குள் கம்பி கனலட்டும் என்று பிடித்தேன். அருள் நிறைந்த மரியே ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு முழுக்கத் திருப்பினேன்.

நித்திரையில் புரளும் மனிதனின் முனகல். நின்றது. திரும்ப மூன்று மந்திரம். திரும்பத் திருப்பினேன். வெள்ளைப் புகை குப்பென்று வந்தது, ஒரு தரம் உதறியது, நின்றது. பற்றரி இன்னும் ஒரு முறைதான் தாங்கும் என்று அந்த முனகலே சொன்னது. இந்த முறை ஐந்து மந்திரம் பிடித்தேன்.

ஒரு சிலிண்டர் பிடித்தது. டொக். டொக். கொட்டில் முழுக்கப் புகை. அது சாகப்போகிறது என்று நினைத்த நேரம் இரண்டாவது சேர்ந்தது. பிறகு மூன்றாவது. சத்தம் ஒன்றாகித் திரண்டு, கூரையிலிருந்த பனியைச் சரித்துக் கீழே கொட்டியது.

நான் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்த அதிர்வில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வள்ளத்தில் இருப்பதைப் போலவேதான் இருந்தது.

பிறகு வாளியை இறக்கி ஒழுங்கைக்குள் விட்டேன். ஒழுங்கை எது, வயல் எது என்று தெரியவில்லை. வேலிக்கட்டைகளின் நுனிகளைப் பார்த்துப் போனேன். தள்ளி, பின்னுக்கு வந்து, திரும்பத் தள்ளி. இரண்டு தரம் பள்ளத்துக்குள் சரிந்தேன். தெரு விளிம்பை உடைத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது, அம்புலன்ஸ் விளக்கைச் சுற்றிக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கி, என்னையும் இயந்திரத்தையும் பார்த்தாள். பின்னால் வா என்று கையைக் காட்டிவிட்டு, நான் வெட்டிய வழியாக அவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

6

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரியில் அவரை டயலிசிஸ் கதிரையில் ஏற்றினார்கள். இரத்தம் சுற்றத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் முகத்தில் நிறம் வந்தது. மெலனி ஈரத் துடைப்பான்களோடு வந்து என் முகத்தைத் துடைத்தாள். ஒவ்வொன்றும் கரியாக வந்தது. அவள் வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

"பிள்ளை, அந்த வோபர்ன் வீட்டை ஒருக்காப் பாப்பம்."

அவள் நம்பாமல் பார்த்தாள். "பட் அம்மா, யூ டிட் இட். நீங்கள் தனியச் செய்தனீங்கள்."

"ஓம், செய்தன். அதுதான் சொல்லுறன். ஏலாமல் போகேல்லை. ஆனா அந்த ஜன்னலில ஆளைக் காணேல்லை எண்டு இன்னொருக்கா என்னால பாக்கேலாது."

அருள்தாஸ் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார் போலும். கொஞ்சம் கழித்து, "மெசினை ஓட்டத் தெரிஞ்ச ஆருக்கும் குடுப்பம்" என்றார். கதிரையின் பிடியில் அவர் விரல்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

வசந்தத்தில் காணியும் இயந்திரமும் சுகந்தியிடமும் அவளுடைய கணவனிடமும் போயின. வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகள், இரண்டு பேரும் வேலைசெய்து களைக்காதவர்கள். இயந்திரத்தைக் கையளித்த அன்று அருள்தாஸ் இரண்டு மணித்தியாலம் விளக்கம் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று, அவர் விட்டதைச் சொன்னேன்.

போன செவ்வாய் கடுங்குளிர் தொடங்கியது. காலையில் போன் அடித்தது. அருள்தாஸ் எடுத்தார்.

"ஓம், சுகந்தி... மெசின் எடுக்குதில்லையோ? முதல்ல நீர்..." அவர் பேச்சை நிறுத்திக் கேட்டார். முகம் ஒரு மாதிரிப் போனது. பிறகு சிரித்தார். போனை என்னிடம் நீட்டினார்.

"என்னை வேண்டாமாம். 'அங்கிள், குறை நினையாதேங்கோ, அன்ரியிட்டக் குடுங்கோ' எண்டுறாள்."

போனைச் சமையலறை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாரி டீசல்தானா? ஓம். சூடாக்கி எத்தனை மணிக்குச் செருகினது? இரவு முழுக்க, அன்ரி. பற்றரி முனையைத் துடைத்தீரா? இல்லை என்றாள். போய்த் துடையும், பச்சையாகப் பூத்திருக்கும் என்றேன். காலடிச் சத்தம், இரும்புச் சத்தம், பிறகு அவள் மூச்சு. அருள்தாஸ் எனக்கு எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப திருப்பும்" என்றேன்.

ஒன்பதாம் மாடியில், எங்கள் சின்னச் சமையலறையில், அந்தப் பழைய எஞ்சின் முனகி, உதறி, பிடித்தது.

"எடுத்திட்டுது அன்ரி! எடுத்திட்டுது!"

"சந்தோசம். ஆனா உடன ஓடாதையும். பத்து நிமிசம் அப்பிடியே விடும்."

"சரி அன்ரி" என்றாள். எஞ்சின் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அந்தப் பத்து நிமிடமும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, அவளும் போனை வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை.